‘வளவு பொதுவில்’ – நம் ஊர்ப் பெரிய வீடுகளைப் பற்றி

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். கானாடுகாத்தானுக்கு அழைத்துப் போனேன். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே பார்க்க விடுகிற ஒரு வீடு. சுற்றிக் காட்டிய பையன் மனப்பாடமாக ஒப்பித்தான்: “இங்கே கூட்டுக்குடும்பமா நூறு பேர் வாழ்ந்தாங்க சார்.” பேரன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். வெளியே வந்ததும் என்னிடம், “தாத்தா, நூறு பேருக்கும் ஒரே அடுப்புலயா சமைச்சாங்க?” என்றான்.

நல்ல கேள்வி. பதில், இல்லை என்பதுதான். நூறு பேர் வாழ்ந்தார்கள் என்பதும் அவ்வளவு சரியில்லை. சாதாரண நாளில் அந்த மாதிரி வீட்டில் நாலைந்து ஆச்சிமார், சில பிள்ளைகள், ஒரு பெரியவர், வேலையாட்கள், அவ்வளவுதான் இருந்திருப்பார்கள். ஆண்கள் ரங்கூனிலோ, மோல்மேனிலோ, பினாங்கிலோ, கொழும்பிலோ, சைகோனிலோ கடையில் இருந்தார்கள். நூறு பேர் கூடியது கல்யாணத்துக்கும், அறுபதுக்கும், படைப்புக்கும்.

நான் பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த வீடுகள் பலவற்றை உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்பே பத்திரத்தில் படித்துவிட்டேன். அதனால் தேக்குத் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் பார்க்கிறவர்கள் கவனிக்காத ஒன்று என் கண்ணில் முதலில் படும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் ஒரு மகனுக்கு விழுந்த பங்கைச் சொல்லும்போது, வளவின் தென்புறம் மேற்கோரத்து வீடு ஒன்று என்று எழுதியிருப்பார்கள். ‘வீடு’ என்றால் இங்கே ஒரு அறை. வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் குழம்பிப் போவார்கள். அதற்குக் கீழே, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, கிணறு, நடைபாதை ஆகியவை பொதுவில் என்று வரும். என் அனுபவத்தில், இந்தப் ‘பொதுவில்’ என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் அந்த வீடுகளையே வரைந்திருக்கிறார்கள். அவை இன்று நிற்பதும் அதனால்தான், இடிவதும் அதனால்தான்.

வீட்டின் அமைப்பை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குத் தெரு நீளும் மனை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நின்றால் நிலைக்குள் நிலையாகக் கடைசி வாசல் வரை நேராகத் தெரியும். தெருவிலிருந்து படியேறித்தான் முகப்புத் திண்ணை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கொண்ட பயம்தான் இந்த உயரத்துக்குக் காரணம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது கதையோ உண்மையோ, உயரம் உண்மை. திண்ணையைத் தாண்டினால் வேலைப்பாடு நிறைந்த பெரிய நிலை. உள்ளே வானம் பார்த்த முற்றத்தோடு வளவு. வளவைச் சுற்றி வரிசையாக வீடுகள், அதாவது அறைகள். அதற்கப்புறம் சாப்பாட்டுக்கும் சாமான்களுக்கும் இரண்டாம் கட்டு. பிறகு அடுப்படி, கிணறு, ஆட்டுக்கல், உரல் எல்லாம் இருக்கும் பின்கட்டு.

இதில் அறைகளைக் கவனியுங்கள். இவ்வளவு பெரிய வீட்டில் அறை மட்டும் சின்னது. சன்னல் குறைவு, கதவு கனம், பூட்டு பெரிது. ஏனென்றால் அது படுப்பதற்காகக் கட்டியதில்லை. புதிதாகக் கல்யாணமான தம்பதிக்குச் சில நாள். அதன் பிறகு அந்த மருமகள் கொண்டு வந்த சீர்ச் சாமானுக்கு. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பாய், மெத்தை, மரவை என்று அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார் ஆச்சி. படுக்கை, பேச்சு, பூத்தொடுப்பு, கூடை முடைவது எல்லாம் வளவுத் தாழ்வாரத்தில்தான்.

அடுப்பும் அப்படியே. நகரத்தார் வழக்கத்தில், மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆனதும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். கூரை ஒன்று, வாசல் ஒன்று, ஆனால் உலையும் கணக்கும் தனி. கோயிலில் அவன் தனிப் புள்ளி. மாமியார் ஒரு அடுப்பில், மூத்த மருமகள் ஒரு அடுப்பில், இளையவள் ஒரு அடுப்பில். குழம்பு மாற்றிக்கொள்வார்கள், அரிசிக் கணக்கு மாறாது. பேரனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப இது அபார்ட்மெண்ட் மாதிரி” என்றான். சட்டென்று மறுக்கத் தோன்றியது. யோசித்தால் பையன் சொன்னதில் தப்பில்லை. ஒரு வித்தியாசம், அபார்ட்மெண்டில் பொது இடம் மாடிப்படியும் லிஃப்டும்தான். இங்கே வீட்டின் முக்கால்வாசியும் பொது.

நாலு மகன்களின் குடும்பங்கள் அடுத்தடுத்து இருந்து பண விஷயத்தில் சண்டை வரக் கூடாது. அதே சமயம் ஒரு கல்யாணம் என்றால் ஊரையே உட்கார வைக்க இடம் வேண்டும். ஆண்கள் மூன்று வருடம் கடல் கடந்து போய்விட்டால், இருக்கிற பெண்கள் பாதுகாப்பாகவும் ஒருவருக்கொருவர் துணையாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே கட்டடத்தில் வழி செய்திருக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முந்திய காலம். ஸ்தபதியும், மூத்த கொத்தனாரும், தலைமை ஆசாரியும், வீட்டுப் பெரியவரும் உட்கார்ந்து மனையடி பார்த்துப் போட்ட திட்டம்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1852 போருக்குப் பின் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி நெல் போட ஆரம்பித்தார்கள். காடு வெட்டவும், மாடு வாங்கவும், அறுவடை வரை சாப்பிடவும் விவசாயிக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்காரன் பாங்க் அந்த விவசாயிக்குக் கொடுக்காது, செட்டியார் கொடுப்பார். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, பிறகு தானே கடை வைத்தவர்கள் ஏராளம். 1929–30இல் பர்மாவில் நடந்த பாங்கிங் விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றில் புழங்கும் முதல் 75 கோடி ரூபாய் அளவில் இருக்குமென்றும் கணக்கிட்டது. அன்றைய 75 கோடி!

இந்தப் பணம்தான் பொட்டல் காட்டில் வீடாக நின்றது. பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940 வரையிலான காலத்தவை. கானாடுகாத்தானில் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912. இந்தியன் பாங்க் தொடங்கியது 1907, சிதம்பரம் பல்கலைக்கழகம் 1929. அந்த இரண்டுக்கும் நடுவில் கட்டியது அது. காரைக்குடி ‘ஆயிரம் ஜன்னல் வீடு’ 1941இல் முடிந்ததாகச் சொல்வார்கள். அந்த வருடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீடு எழும்ப வருடக்கணக்கில் ஆனது. பாதி வேலை மரமும் சுண்ணாம்பும் பக்குவப்படுவதிலேயே போகும். பர்மாத் தேக்கு கப்பலில் வந்து, கடற்கரைத் துறையில் இறங்கி, மாட்டு வண்டியில் ஊர் வந்து சேரும். முழு மரமாக வந்ததைத் தூணாகவும், உத்தரமாகவும், கைமரமாகவும் ஆசாரிகள் அறுப்பார்கள். சுவருக்குச் செங்கலும் செம்பூராங்கல்லும். காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, மாடு கட்டிய காரைச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். அவசரப்பட்டால் பூச்சு வெடிக்கும். ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சு, அதன்மேல் இன்னொன்று. கடைசிப் பூச்சில்தான் முட்டை வெள்ளைக்கரு. பல பேர் வீடு முழுக்க முட்டையால் கட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழிகாட்டிகளும் அப்படியே சொல்கிறார்கள். முட்டை வந்தது மேல் மெருகுக்கு மட்டும். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியுமளவுக்கு ஏற்றிய அந்த மெருகு, இத்தனை வருடம் கழித்தும் சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கிறது. இன்றைய பெயிண்டை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருக்கிற எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் கலந்த நிறத்தைப் பூவுக்கு ஒன்று இலைக்கு ஒன்று என்று ஊற்றி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு மணல் சிமெண்டு வைத்து அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். நெருப்பே படாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் வழவழப்பு. நடக்க நடக்க மெருகு ஏறும். நடக்க ஆள் இல்லாவிட்டால் மங்கும். கொஞ்சம் தள்ளி, சுவரின் இடுப்பளவுக்கு ஜப்பானியப் பூ ஓடு, முகப்பில் இத்தாலிச் சலவைக்கல், வளவில் பெல்ஜியம் கண்ணாடி, மேலே கஜலட்சுமி, பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். ரசனை என்று பார்த்தால் எல்லாமே ஒன்றோடொன்று சேராது. ஆனால் எப்படியோ சேர்ந்துவிட்டது.

எல்லாருக்கும் இது பிடித்ததென்று சொல்ல முடியாது. 1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். கதர் நிதி திரட்ட வந்தவரைப் பெரிய பெரிய வீடுகளில் தங்க வைத்தார்கள். கூட்டத்தில் பேசும்போது அவர், இந்த அரண்மனைகளில் வெளிநாட்டுச் சாமான்களைத் திணித்து மூச்சுவிட இடமில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காண்டிராக்டை என்னிடம் கொடுங்கள், செலவில் பத்தில் ஒரு பங்கில் இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் கலைநயமாகவும் அமைத்துத் தருகிறேன் என்கிற பொருளில் வேடிக்கையாகவும் பேசினார். அவர் குறை சொன்னது சாமானைத்தான். நடுவில் வானத்தைத் திறந்துவிட்டு, உயரக் கூரை போட்டு, மூன்று நாலு வரிசை நாட்டு ஓடு அடுக்கி, மழைத் தண்ணீரை முற்றத்து அண்டாவில் பிடித்து, மிச்சத்தை ஊரணிக்கு விடுகிற கட்டட அறிவு அப்போது யாருக்கும் பேச்சாக இருந்திருக்காது. எல்லா வீட்டிலும் இருப்பதை யார் பாராட்டப் போகிறார்கள்?

அடுத்த மூன்று வருடத்தில் நெல் விலை விழுந்தது. உலகம் முழுக்க மந்தம். கடன் வாங்கிய பர்மா விவசாயியால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நம்மவர்கள் நிலம் தேடிப் போகவில்லை, ரொக்கம்தான் கேட்டார்கள் என்பது உண்மை. ஆனால் நிலத்தை இழந்த பர்மாக்காரனுக்கு அந்த நியாயம் எப்படிப் புரியும்? அவன் கோபம் கலகமாக வெடித்தது. பழம்பெருமை பேசும்போது நாம் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். வளவில் நிற்கும் தேக்கு மட்டுமல்ல, அந்த வட்டியும் அவன் நாட்டிலிருந்து வந்தது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது. கணக்குப் புத்தகத்தை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியவர்கள் சிலர். கப்பல் கிடைக்காமல் மலையும் காடுமாக அஸ்ஸாம் பக்கம் நடந்தே வந்தவர்கள் பலர். போர் முடிந்து திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றிருந்தவர்களுக்கு 1948இலும் 1953இலும் நில தேசியமயச் சட்டங்கள் வந்தன. ஈட்டுத்தொகை பெரும்பாலோருக்குக் கைக்கு வந்து சேரவில்லை. நம் பக்கத்துச் சில ஊர்களில் மாடி வரை எழுப்பி, பூச்சுப் பூசாமல் செங்கல் தெரிய நிற்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு தீர்ந்து போய் நிறுத்தியதல்ல அது.

பணம் போனது ஒரு பக்கம். அதைவிட மெதுவாக, சத்தமில்லாமல் வேறொன்று நடந்தது. பங்கு பெருகியது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், கானாடுகாத்தான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆச்சியும் அவருடைய கொழுந்தனார் மகனும் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். ஆச்சிக்கு எண்பதுக்கு மேல். வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது, ஹோட்டலாக்கப் போகிறார்களாம், விற்க முடியுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 80 அடிக்கு 240 அடி மனை. 8 கிரவுண்டு. கட்டியவருக்கு நாலு மகன்கள்.

இரண்டு வாரம் உட்கார்ந்து வம்சப் பட்டியல் போட்டேன். நாலு மகன்களுக்கு ஆளுக்கு 1/4. இதில் மூத்தவருக்கு மூன்று பிள்ளைகள். ஆக அந்தக் கிளையில் 1/12. இதுவரை சுலபம். அதற்கப்புறம் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் பிறகு இறந்தவர்களின் பங்கில் மனைவிக்கும் பெண் மக்களுக்கும் இடம் வந்தது. வழக்கப்படி பெண்ணுக்கு வைரமும் வெள்ளியும் சீரும் செய்து அனுப்பிவிடுவார்கள். அவள் கணவன் வீட்டுக் கோயிலைச் சேர்ந்துவிடுவாள். பிறந்த வீட்டில் அவளுக்கு அறை கிடையாது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ஆனால் அதே சட்டத்தில் 23வது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பத்தார் வசிக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளாதவரை பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் 1989இல் பெண்ணுக்கும் பிறப்பால் உரிமை வந்தது. 2005இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோது 23வது பிரிவை எடுத்தேவிட்டார்கள். அதுவரை ‘எனக்கும் உண்டு’ என்று மட்டும் இருந்தவர்கள், அதன் பிறகு ‘பிரித்துக் கொடு’ என்று கேட்கலாம் என்றானது. நியாயமான சட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் கட்டியவர் அறையை மகன்களின் எண்ணிக்கைக்குத்தானே கட்டிவைத்தார்?

பட்டியலில் 61 பெயர் வந்தது. ஒரு கிளையில் பங்கு 1/288 வரை போய்விட்டது. மனையளவில் பார்த்தால் 66 சதுர அடி சொச்சம். எட்டடிக்கு எட்டடி. அதையும் தனியாகக் காட்ட முடியாது, ஏனென்றால் முக்கால்வாசி பொதுவில். 61 பேரில் சென்னை, கோயம்புத்தூர், அமெரிக்கா, சிங்கப்பூர் எல்லாம் உண்டு. மூன்றாவது மகனின் கிளை ஈப்போவில். அவர்களில் சிலர் இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால் பவர் எழுதி, அங்கே அத்தாட்சி வாங்கி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒருவருடையது வந்து சேரும்போது இன்னொருவருடையது காலாவதியாகும். நடுவில் ஒருவர் இறந்தால் அவருக்கு வாரிசுச் சான்று. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது இப்படி வந்து நின்றவர்களிடம் எவ்வளவு சுலபமாக, “எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் முடியும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தமிழில் பங்காளி என்ற சொல் எவ்வளவு கூர்மையானது பாருங்கள். உறவுக்கும் அதுதான் பெயர், பங்குக்கும் அதுதான் பெயர்.

ஊர்ப் பொதுப் பேச்சு என்னவென்றால், வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் விற்கத் துடிக்கிறார்கள் என்பது. என் பட்டியலில் அப்படி இல்லை. விற்க வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவர்களில் ஒருவர் அமெரிக்காவில் இருப்பவர். இது எங்கள் படைப்பு வீடு, வளவை விற்றுவிட்டுப் படைப்பை எங்கே போய் வைப்பது என்று கேட்டு எழுதினார். விற்கலாம் என்று முதலில் சொன்னவர் இந்த ஆச்சிதான்.

அவரோடு அந்த வீட்டுக்கு ஒரு முறை போனேன். வளவில் கால் வைத்ததுமே புறா எச்சமும் ஈரவாடையும். இரண்டாம் கட்டில் மேற்குத் தாழ்வாரம் சரிந்து, ஓடெல்லாம் முற்றத்தில் கிடந்தது. ஓடு நகர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, கைமரத்தின் தலை மக்கிவிட்டது. தேக்கைக் கறையான் தின்னாது என்போம், தண்ணீர் தின்னும். வருடத்துக்கு ஒரு முறை ஓடு மாற்ற ஆள் ஏறியிருந்தால் அந்தக் கட்டு இன்னும் நூறு வருடம் நின்றிருக்கும். யார் ஏற்றுவது? சரிந்தது பொது இடம். தன் அறைக்கு மேலே ஒழுகினால் அறைக்காரர் பார்த்துக்கொள்வார். தாழ்வாரத்துக்கு 61 பேர் சொந்தக்காரர்கள்.

ஆச்சி இடுப்புச் சாவியை எடுத்துத் தன் ‘வீட்டை’த் திறந்தார். கல்யாணத்தில் வந்த பித்தளைச் சாமான்கள் அடுக்கியபடியே இருந்தன. பெயர் வெட்டிய தூக்குகள், மலாயா டின்கள், ஒரு மர அலமாரி.

“ஆச்சி, நீங்க போயி விக்கலாம்ங்கிறீகளே?” என்று கேட்டேன்.

“நான் இருக்கப்பவே போகட்டும் தம்பி. வாங்குறவுக ஓடு மாத்துவாக. விக்காமப் போட்டா நெலையைப் பேத்து முனீஸ்வரன் கோயில் தெருவுல கொண்டு போயி வப்பாக. அதை நான் பாக்க வேண்டாம்” என்றார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்கு அவர் சொன்னது புரியும். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. பெயர் வெட்டிய பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள், தூண்கள், நிலைகள், கதவுகள். முழு வீட்டை விற்க 61 கையெழுத்து வேண்டும். ஒரு கதவைக் கழற்றி விற்க ஒருவர் போதும். பல வீடுகள் அப்படித்தான் உதிரியாகப் போயிருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் ஓடு மாற்றும் செலவை எந்தப் பட்டியலும் கொடுப்பதில்லை. ஹோட்டலான வீடுகளைப் பற்றிச் சிலருக்கு வருத்தம் உண்டு. வெள்ளைக்காரன் வளவில் செருப்போடு நடக்கிறான் என்பார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்த வீடுகளில் ஓடு ஒழுங்காக இருக்கிறது. தரைக்கல் மங்கவில்லை, நடக்க ஆள் இருக்கிறது.

கட்டியவரைக் குறை சொல்லலாமா என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். வளவைப் பிரிக்க முடியாதபடி கட்டியதால்தான், நாலு மகன்களுக்குள் மனக்கசப்பு வந்த காலத்திலும் எவரும் நடுவில் சுவர் எழுப்பவில்லை. நம் பக்கத்தில் மற்றச் சமூகத்து வீடுகளில், என் சொந்த வீடு உட்பட, கூடத்துக்கு நடுவில் சுவர் வைத்து, பாதி சன்னல் அண்ணனுக்கும் பாதி தம்பிக்கும் போனதைப் பார்த்தவன் நான். எங்கள் வீடு இப்போது இல்லவே இல்லை, இரண்டு கடைகளாகிவிட்டது. அவர்கள் வீடு சரிந்தாலும் முழுதாக இருக்கிறது. ஆனால் கட்டியவர் ஒன்றை எதிர்பார்த்திருக்கிறார். பொதுவில் இருப்பதைப் பார்த்துக்கொள்ள ஊரில் எப்போதும் ஒரு பெரியவரும் நாலு ஆச்சிமாரும் இருப்பார்கள், கடல் கடந்தவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பணத்தோடு திரும்பி வருவார்கள் என்று. மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் அவர் போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

பேரன் ஊருக்குப் போகும் முன் என் அலமாரியில் இருந்த அந்தப் பட்டியலை எடுத்துக் காட்டினேன். பெரிய தாளில் ஒட்டி ஒட்டி நாலடி நீளம் ஆகிவிட்டது. விற்கச் சம்மதித்தவர்களுக்கு நீலக் குறி, மறுத்தவர்களுக்குச் சிவப்பு. எண்ணிப் பார்த்தான். நீலம் 44, சிவப்பு 9. பதிலே வராதவர்கள் 8, அதில் ஐந்து பேர் ஈப்போ. ஹோட்டல்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டார். இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டாம் கட்டு மேற்குத் தாழ்வாரத்துக்குத் தற்காலிகமாகத் தகரம் போட வேண்டும் என்பதில் மட்டும் பதில் சொன்ன 53 பேரும் ஒத்துப்போகிறார்கள். யார் எவ்வளவு கொடுப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.